மீன் தொட்டியைக் கழுவிய கதை

மீன் தொட்டி வாங்கிய யாரிடம் கேட்டாலும் கிட்டத்தட்ட ஒரே கதையைத்தான் சொல்வார்கள். முதல் இரண்டு நாள் மீன்கள் துள்ளி விளையாடும். மூன்றாம் நாள் மூலையில் போய் நிற்கும். ஒரு வாரத்தில் ஒன்று மிதக்கும். பத்து நாளில் எல்லாம் முடிந்துவிடும். தொட்டி கொஞ்ச நாள் மொட்டை மாடியில் கிடக்கும், பிறகு அதில் வெங்காயமோ பழைய புத்தகமோ போய் உட்காரும். "நம்ம வீட்டுக்கு மீன் ராசி இல்லை" என்று ஒரு தீர்ப்பும் எழுதப்பட்டுவிடும்.

தூத்துக்குடியில் தாழ்வான தெரு ஒன்றில் இருக்கும் ஒரு வீட்டிலும் 2023ஆம் ஆண்டு ஏப்ரலில் இந்தக் கதைதான் தொடங்கியது. அண்ணன் பி.எஸ்சி. வேதியியல் மாணவன். தங்கச்சி பள்ளிக்கூடம் போகிறவள். அவள் பிறந்தநாளுக்கு அவன் தன் சேமிப்பில் இரண்டடித் தொட்டி ஒன்று வாங்கினான். கொள்ளளவு சுமார் அறுபது லிட்டர். நீல நிறக் கூழாங்கல், ஒரு ஸ்பாஞ்சு ஃபில்டர், அதற்குக் காற்று தள்ளும் சின்ன ஏர் பம்ப், நான்கு தங்கமீன்கள்.

நான்கும் ஒன்பது நாளில் போய்விட்டன. மறுபடி நான்கு. அவையும் போயின. பிறகு மூன்று. இரண்டு மாதத்தில் மொத்தம் பதினோரு மீன்கள்.

செத்த மீன்களை எல்லாம் தங்கச்சி மல்லிகைச் செடித் தொட்டியில் புதைத்தாள். ஒரு நோட்டில் கட்டம் போட்டுக் கணக்கும் வைத்தாள். எண், தேதி, காரணம். காரணம் என்ற கட்டத்தில் பதினோரு தடவையும் "தெரியாது" என்றே எழுதியிருந்தாள். பதினோராவதை எழுதி முடித்துவிட்டு, "அண்ணே, இனிமே வாங்காத. நாமதான் கொல்லுதோம்" என்றாள்.

அவள் சொன்னது உண்மைதான். ஆனால் எப்படிக் கொன்றார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

மீன் விற்ற கடையில் அவன் போய்க் கேட்டிருந்தான். "ஏன் அண்ணாச்சி செத்துச் செத்துப் போகுது?"

"தண்ணி சரியில்ல தம்பி. அழுக்கு சேரவே விடப்பிடாது. வாராவாரம் கல்லு, ஸ்பாஞ்சு எல்லாத்தையும் நல்லாக் கழுவிப்போட்டுப் புதுத் தண்ணி மாத்துங்க. இந்த நீல மருந்துலயும் நாலு சொட்டு விடுங்க."

அண்ணாச்சியைக் குறை சொல்வதற்கில்லை. அவர் கடைக்கு வரும் மீன்கள் சில நாள்தான் அங்கே தங்கும், பிறகு யார் வீட்டுக்காவது போய்விடும். இரண்டாவது வாரம் என்ன நடக்கிறது என்று பார்க்க அவருக்கு வாய்ப்பே இல்லை.

அவன் அவர் சொன்னதை அப்படியே செய்தான். ஒவ்வொரு ஞாயிறும் மீன்களை வாளியில் விட்டு, தண்ணீரை எல்லாம் கொட்டி, கூழாங்கற்களைத் துணி துவைக்கும் கல்லில் போட்டுத் தேய்த்து, ஸ்பாஞ்சை பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் பிழிந்து, குழாயில் வந்த குளோரின் வாசனைத் தண்ணீரை அப்படியே நிரப்பினான். தொட்டி கண்ணாடி மாதிரி பளபளக்கும். இது போதாதென்று ராத்திரி ஆனால் அம்மா ஏர் பம்ப்பை நிறுத்திவிடுவாள். "அதுவும் கொஞ்ச நேரம் தூங்கட்டும்ல. கரண்டு பில்லு வேற."

ஒரு வீட்டில் மூன்று பேர் சேர்ந்து, அன்போடு, மிகவும் சுத்தமாக, மீன்களைக் கொன்றுகொண்டிருந்தார்கள்.

கல்லூரி ஆய்வகத்தில் ஒருநாள் அம்மோனியா சோதனை நடந்தது. நெஸ்லர் கரைசல் என்று ஒன்று உண்டு. அம்மோனியா இருக்கும் நீரில் அதைச் சில சொட்டு விட்டால் மஞ்சள் நிறம் வரும், அதிகமாக இருந்தால் பழுப்பாகும். மறுநாள் அவன் தொட்டித் தண்ணீரை ஒரு சின்ன பாட்டிலில் கொண்டுபோய்ச் சோதித்தான். கடைசி மீன் செத்துக் கிடந்த தண்ணீர் அது. கண்ணுக்குப் பச்சைத் தண்ணீர் போலத் தெளிவாக இருந்தது. சொட்டு விழுந்ததும் டீ டிக்காஷன் நிறத்துக்குப் போய்விட்டது.

மனிதன் உடம்பில் உண்டாகும் நைட்ரஜன் கழிவை ஈரல் யூரியாவாக மாற்றிவிடுகிறது. மீனுக்கு அந்தச் சிரமம் இல்லை. பெரும்பகுதியை அம்மோனியாவாகவே செவுள் வழியாகத் தண்ணீரில் விட்டுவிடும். ஆற்றிலும் கடலிலும் அது எங்கோ கரைந்து போய்விடும். அறுபது லிட்டர் கண்ணாடிப் பெட்டியில் எங்கே போகும்? மீன் எந்தத் தண்ணீரில் கழிவை விடுகிறதோ அதே தண்ணீரில்தான் மூச்சும் விடுகிறது. மிச்சம் கிடக்கும் தீனி அழுகினாலும் அம்மோனியாதான்.

இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. அம்மோனியா தண்ணீரில் இரண்டு வடிவங்களில் இருக்கிறது. அம்மோனியம் அயனியாக இருக்கும்போது அவ்வளவு கெடுதல் இல்லை. அயனியாகாத அம்மோனியாதான் நஞ்சு. பிஎச் 7 இருக்கும் நீரில் நூற்றில் ஒரு பங்குகூட நஞ்சு வடிவில் இராது. பிஎச் 8க்கு மேல் போனால் அது பத்து மடங்காகிவிடும். தண்ணீர் சூடாக ஆக இன்னும் கூடும். தூத்துக்குடியின் மே மாத வெயிலில் ஜன்னல் ஓரத் தொட்டி எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இந்த அம்மோனியாவைத் தின்பதற்கென்றே சில நுண்ணுயிரிகள் இருக்கின்றன. ஒரு வகை அதை நைட்ரைட் ஆக்கும். நைட்ரைட்டும் மீனுக்கு விஷமே, ரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமக்கவிடாமல் செய்துவிடும். இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும். நைட்ரேட்டால் அவ்வளவு ஆபத்து இல்லை. வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீரை மாற்றினால் போதும். இதைத்தான் உயிரியல் வடிகட்டல் என்கிறார்கள். ஃபில்டர் என்றதும் காப்பி வடிகட்டி மாதிரி அழுக்கைப் பிடிக்கும் சாமான் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். உண்மையில் அந்த ஸ்பாஞ்சு ஒரு வீடு. குடியிருப்பவர்கள்தான் ஃபில்டர். அவர்கள் தண்ணீரில் மிதப்பதைவிட ஸ்பாஞ்சு, கல், கண்ணாடி என்று ஏதாவது ஒன்றின் மேல் வழவழப்பாக ஒட்டிக்கொண்டு வாழ்வதே அதிகம். அந்த வழவழப்பைத்தான் ஞாயிறுதோறும் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினான் அவன். கடைக்காரரின் நீல மருந்து மெத்திலீன் புளூவாக இருந்தால் அதுவும் இந்த உயிரிகளுக்கு எதிரிதான். ராத்திரி பம்ப்பை நிறுத்தியது அடுத்த தவறு. ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை நைட்ரேட் ஆக்க இவற்றுக்கு நாலரை கிராம் ஆக்ஸிஜன் வேண்டும்.

இந்த உயிரிகளிடம் உள்ள பெரிய குறை நிதானம். சாதாரண குடல் பாக்டீரியா சாதகமான சூழலில் இருபது நிமிடத்தில் இரண்டாகப் பெருகும். இவற்றுக்கு அரை நாள், ஒரு நாள் ஆகும். ஆகவே புதுத் தொட்டி ஒன்று மீனைத் தாங்கும் நிலைக்கு வர நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். முதல் நாளே மீனை விட்டால், வீடு கட்டி முடிக்கும் முன்பே குடிபோவது மாதிரி.

இது தெரிய வந்த வரலாறு சுவையானது. லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர் இருந்தார். ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் தங்கமீன், நீர்ச்செடி, நத்தை மூன்றையும் சேர்த்து வைத்தால் தண்ணீரை மாற்றாமலே நீண்ட நாள் உயிரோடு வைத்திருக்க முடியும் என்று 1850ல் எழுதினார். செடி ஆக்ஸிஜன் தரும், நத்தை அழுகிய இலையைத் தின்னும், மீன் மூச்சுவிடும் என்பது அவர் விளக்கம். அழகான விளக்கம், ஆனால் முழுமையில்லை. பாத்திரத்தின் அடியில் கிடந்த மணல் செய்த வேலை அவருக்குத் தெரிய வழியில்லை. அது தெரிய 1877 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிரான்ஸில் ஷ்லோசிங், மூன்ட்ஸ் என்ற இருவர் மணலும் சுண்ணாம்புக் கல்லும் நிரப்பிய நீண்ட குழாய் வழியாகச் சாக்கடை நீரை மெல்ல மெல்ல வடியவிட்டார்கள். இருபது நாள் ஒன்றுமே நடக்கவில்லை. அம்மோனியா உள்ளே போனபடியே வெளியே வந்தது. அதன் பிறகு நைட்ரேட் வர ஆரம்பித்தது. குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தியதும் நின்றுபோனது. இது வெறும் ரசாயன வினை என்றால் முதல் நாளே நடந்திருக்கும், குளோரோஃபார்முக்கு மயங்கியும் இருக்காது. உள்ளே ஏதோ உயிர் இருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. தங்கமீன் வளர்க்கும் எல்லோரும் அனுபவிக்கும் அந்த முதல் மூன்று வாரம் இதுதான்.

அடுத்து நடந்ததுதான் வேடிக்கை. இதைத் தொடர்ந்து ஆராய்ந்து, இந்த மாற்றம் இரண்டு கட்டமாக, இரண்டு வேறு உயிரிகளால் நடக்கிறது என்று காட்டியவரின் பெயரும் ராபர்ட் வாரிங்டன். தங்கமீன் வளர்த்தவரின் மகன்! ரோதாம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் வேலை பார்த்தவர். அப்பாவின் தொட்டியில் விடுபட்ட விடையை மகன் வயல் மண்ணில் தேடிப் பிடித்தார். ஆனால் அந்த உயிரிகளைத் தனியே பிரித்தெடுக்க அவரால் முடியவில்லை. 1890 வாக்கில் ரஷ்யரான வினோகிராட்ஸ்கிதான் அதைச் செய்தார். மற்றவர்கள் எல்லாம் சத்துள்ள ஜெலட்டின் மேல் வளர்க்கப் பார்த்துத் தோற்றார்கள். இவை அந்த விருந்துச் சாப்பாட்டைத் தொடுவதில்லை. அம்மோனியாவும் காற்றும் தண்ணீரில் கரைந்த கரியமில வாயுவும் போதும்.

அவன் மறுபடி தொட்டியைக் கீழே இறக்கினான். தங்கச்சி மீன் வாங்கக் கூடாது என்று சொல்லிவிட்டதால் மீன் இல்லாமலே தொடங்கினான். குழாய்த் தண்ணீரை ஒன்றரை நாள் திறந்த வாளியில் வைத்துக் குளோரினைப் போகவிட்டு நிரப்பினான். ஸ்பாஞ்சை மாட்டி, பம்ப்பை ஓடவிட்டு, தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனியை மட்டும் போட்டான். அது அழுகி அம்மோனியாவாகும், உயிரிகளுக்குச் சாப்பாடு.

"ஏல, மீனே இல்ல. வெறும் தண்ணிக்கு எதுக்குல ராப்பகலா கரண்டு?" என்றாள் அம்மா. நியாயமான கேள்விதான் :)

பக்கத்து வீட்டுத் தாத்தா ஒருநாள் வந்து குமிழி விடும் காலித் தொட்டியை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். எண்பதைத் தொட்ட வயது. திரேஸ்புரத்தில் பிறந்து, சங்கு குளித்தே குடும்பத்தைக் காப்பாற்றியவர்.

"என்ன பேரப்பிள்ள, தண்ணிய வளக்கியா?"

கேலிக்குத்தான் கேட்டார். அதைவிடச் சரியாக யாரும் சொல்லிவிட முடியாது.

அவர்தான் சலாபத்தைப் பற்றிச் சொன்னார். தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு கடைசியாக 1955 முதல் 1961 வரை நடந்தது. 1961ல் அவருக்குப் பதினேழு வயது, தோணியில் கயிறு பிடித்தாராம். அள்ளி வந்த சிப்பியைக் கரையில் ஏலம் விடுவார்கள். வாங்கியவர்கள் அதைக் குவித்து அழுகவிடுவார்கள். சதை புழுத்துக் கரைந்த பிறகு அலசி அலசி முத்தைத் தேடுவார்கள். "அந்த நாத்தம் இப்பவும் மூக்குல நிக்கி" என்றார். அவன் சிப்பியை உயிரோடு வைத்திருப்பதைப் பற்றிக் கேட்டதற்கு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உயிரோடவா? செத்து நாறுனாத்தானப்பா முத்து வரும்."

கொற்கைத் துறை இருந்த காலத்திலிருந்தே இந்தக் கரையில் வழக்கம் அதுதான். ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய பெரிப்ளஸ் என்னும் கடல்வழிக் குறிப்பு, கொற்கைப் பக்கம் தண்டனை பெற்ற கைதிகளைக் கொண்டு முத்துக் குளித்தார்கள் என்கிறது. அப்போதிருந்து 1961 வரை சிப்பி சாக வேண்டும், முத்து வர வேண்டும். சிப்பி சாகாமல் இருந்தால்தான் முத்து என்ற தொழில் இந்தக் கரைக்கு வந்தது 1972ல்தான். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் அந்த ஆண்டு தூத்துக்குடிக்கு வடக்கே வேப்பலோடையில் முத்து வளர்ப்பு ஆராய்ச்சியைத் தொடங்கியது. விஞ்ஞானி கே. அழகர்சாமி அதன் முன்னோடி. சிப்பியின் உள்ளே ஓட்டுத்துண்டில் செய்த ஒரு மணியையும், வேறொரு சிப்பியின் மேலுறைத் திசுவில் வெட்டிய சிறு துண்டையும் சேர்த்து வைப்பார்கள். பிறகு கூண்டில் போட்டு, கடலில் மிதக்கும் தெப்பத்தில் கட்டித் தொங்கவிடுவார்கள். 1973 ஜூலையில் இந்தியாவின் முதல் வளர்ப்பு முத்து கைக்கு வந்தது.

அறுவை சிகிச்சை ஒரு சில நிமிட வேலை. அதன் பிறகு மாதக்கணக்கில் சிப்பி சாகாமல் பார்த்துக்கொள்வதுதான் உண்மையான வேலை. வேப்பலோடைக் கடல் ஆழம் குறைந்தது, கலங்கல் அதிகம். கூண்டில் சேறு படியும், சிப்பியின் மேல் கொட்டலசு ஒட்டும், புழு ஓட்டைத் துளைக்கும். விடாமல் எடுத்துத் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

1981ல் அடுத்த படி. சிப்பியின் குஞ்சுகளையே தூத்துக்குடி ஆய்வகத்துத் தொட்டிகளில் பொரிக்க வைத்து வளர்த்தார்கள். முட்டை பொரிந்து ஒரு நாளுக்குள் ஆங்கில டி எழுத்து வடிவில் ஓடு வரும். அப்போது அதன் அளவு ஒரு மில்லிமீட்டரில் பதினைந்தில் ஒரு பங்குதான். ஒட்டிக்கொள்ளும் சிப்பிக் குஞ்சாக மாற இருபது நாளுக்கு மேல் ஆகும். அத்தனை நாளும் அதற்குத் தகுந்த நுண்பாசியைத் தனியே வளர்த்துத் தீனியாகக் கொடுக்க வேண்டும், கடலிலிருந்து இறைத்த நீரைப் படியவிட்டு, மணல் வழியாக வடித்து, திரும்பத் திரும்ப மாற்ற வேண்டும். ஒருநாள் தண்ணீர் கெட்டால் லட்சக்கணக்கில் போய்விடும். பதினோரு தங்கமீனுக்கு ஒரு வீடே துக்கம் காத்தது என்றால் அந்த ஆய்வகத்தில் எத்தனை காலைகள் எப்படி விடிந்திருக்கும்!

ரோச் பூங்கா பக்கம் கடற்கரைச் சாலையில் இருக்கும் அந்த ஆராய்ச்சி மையத்தைத் தாண்டித்தான் அவன் எத்தனையோ தடவை சைக்கிளில் போயிருக்கிறான். ஏதோ மத்திய அரசு ஆபீஸ் என்றுதான் நினைத்திருந்தான்.

"அப்ப நம்ம தொட்டில ஒரு சிப்பிய விட்டா என்ன? அதுவே தண்ணிய வடிகட்டுமே" என்று கேட்டாள் தங்கச்சி. பேச்சைக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். நல்ல யோசனைதான். சிப்பி மணிக்குப் பல லிட்டர் தண்ணீரைச் செவுள் வழியாகச் செலுத்தி அதிலிருக்கும் நுண்பாசியைப் பிடித்துத் தின்னும். ஆனால் அது பிடிப்பது துகளை, கரைந்த அம்மோனியாவை அல்ல. தின்றதற்குத் தன் பங்காக அம்மோனியாவையும் விடும். போதாததற்கு முத்துச்சிப்பி கடல் உயிர், நல்ல தண்ணீரில் செத்துப்போகும். கடலில் அது வாழ்வதற்குக் காரணம், அது விட்ட அம்மோனியாவை எடுத்துக்கொள்ளப் பாசியும் மணலில் வாழும் கோடானுகோடி உயிரிகளும் இருக்கின்றன. கடற்கரையில் இருக்கும் ஆய்வகத்துக்கு அந்தக் கடல் பக்கத்திலேயே இருக்கிறது. தெருவில் இருக்கும் தொட்டிக்கு ஸ்பாஞ்சு மட்டும்தான்.

கடல் மீன் வளர்த்தால் என்ன என்றும் அவள் கேட்டாள். ஊரைச் சுற்றி மலை மலையாக உப்பு குவிந்து கிடக்கும்போது கேட்கத் தோன்றும்தான். ஆனால் உப்பளத்து உப்பைத் தண்ணீரில் கரைத்தால் கடல் வந்துவிடாது. பாத்தியில் உப்பு விளையும்போது கடல்நீரின் மெக்னீசியமும் பொட்டாசியமும் பெரும்பாலும் மிச்சத் தண்ணீரிலேயே தங்கிவிடுகின்றன. சுண்ணாம்புச் சத்து அதற்கு முன்பே வேறு பாத்தியில் படிந்துவிடுகிறது. கைக்கு வருவது அநேகமாக வெறும் சோடியம் குளோரைடு. வெளிநாடுகளில் கடல் தொட்டிக்கு உயிர்ப்பாறை என்று பவளக் கல்லைப் போடுவார்கள், அதன் துளைகளில் இதே உயிரிகள் குடியிருக்கும். இங்கே பவளத்தைத் தொடவே கூடாது, 2001 முதல் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. இந்தக் கரையில் சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் வெட்டி எடுத்த முருகைக்கல் கொஞ்சநஞ்சமல்ல. தூத்துக்குடிக்கு எதிரே இருந்த விலாங்குசல்லித் தீவு இன்று தண்ணீருக்கு அடியில் கிடக்கிறது.

தொட்டிக்குத் திரும்பலாம். அவன் சில நாளுக்கு ஒருமுறை பாட்டிலில் தண்ணீரைக் கல்லூரிக்குக் கொண்டுபோனான். ஐந்தாம் நாள் மஞ்சள். பன்னிரண்டாம் நாள் கடும் பழுப்பு. இருபதாம் நாள் நிறம் இறங்கத் தொடங்கியது. நைட்ரைட்டுக்கு இளஞ்சிவப்பு காட்டும் இன்னொரு சோதனை உண்டு. அது அப்போதுதான் ஏற ஆரம்பித்தது. முப்பத்து நான்காம் நாள் இரண்டிலும் நிறம் வரவில்லை. ஸ்பாஞ்சு பழுப்பேறி, தொட்டால் வழுக்கியது. கழுவலாமா என்று அம்மா பார்த்தாள். அவன் கையைப் பிடித்துத் தடுத்தான். அழுக்கு அதிகமானால் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே லேசாக ஒரு பிழி, அவ்வளவுதான்.

தங்கச்சி இரண்டு மீனுக்கு மட்டும் அனுமதி கொடுத்தாள். அவை ஒரு மாதம் தாக்குப்பிடித்த பிறகு மூன்றாவதற்கு.

(இந்த உயிரிகளைப் பற்றிய பெரிய கண்டுபிடிப்புகளில் சில மீன் தொட்டியிலிருந்தே வந்தன என்பது பலருக்குத் தெரியாது. பாக்டீரியா மட்டுமல்ல, ஆர்க்கியா என்ற வேறொரு உயிர்க்குலமும் அம்மோனியாவை மாற்றும் என்று 2005ல் தெரிந்தது. அந்த உயிரியைப் பிரித்தெடுத்தது அமெரிக்காவின் சியாட்டில் மீன் காட்சியகத் தொட்டி ஒன்றிலிருந்து. இரண்டு கட்டத்தையும் ஒரே உயிரி தனியாகவே செய்துவிடும் என்று 2015ல் இரண்டு குழுக்கள் ஒரே சமயத்தில் அறிவித்தன. அதில் ஒரு குழு அதைக் கண்டெடுத்தது மீன் பண்ணை ஒன்றின் வடிகட்டியில். மகன் வாரிங்டன் கேட்டிருந்தால் திகைத்திருப்பார்.)

டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை மழை பிடித்தது. மறுநாள் காலைக்குள் காயல்பட்டினத்தில் கிட்டத்தட்ட 95 சென்டிமீட்டர். ஒரு வருஷத்து மழைக்கும் மேல் ஒரே நாளில். தூத்துக்குடி தத்தளித்தது. அந்தத் தெருவில் இடுப்பளவு, வீட்டுக்குள் முழங்காலளவு தண்ணீர். தொட்டி மேஜை மேல் இருந்ததால் தப்பியது. கரண்ட் போனது. பம்ப் நின்றது.

நாற்புறமும் தண்ணீர், நடுவில் மூன்று மீனுக்குத் தண்ணீர்ப் பிரச்சினை. வெளியே இருந்த நீர் சாக்கடையும் டீசலும் கலந்தது, ஒரு சொட்டுக்கூட உதவாது.

அவன் தீனியை உடனே நிறுத்தினான். தங்கமீன் ஒரு வாரம் பட்டினி தாங்கும், தீனி இல்லாவிட்டால் அம்மோனியாவும் குறையும். நின்றுபோன ஃபில்டருக்குள் காற்றில்லாமல் உயிரிகள் சாகும் என்பதால் ஸ்பாஞ்சை வெளியே எடுத்து, தாம்பாளத்தில் கொஞ்சம் தொட்டித் தண்ணீர் விட்டு, பாதி நனைந்தும் பாதி காற்றிலுமாக வைத்தான். சில மணிக்கு ஒருமுறை தொட்டிக்குள் அமுக்கி எடுத்தான். பிறகு சொம்பு. தொட்டித் தண்ணீரை மொண்டு ஒரு முழம் உயரத்திலிருந்து மறுபடி அதிலேயே ஊற்றுவது. அதுதான் பம்ப். பகலில் தங்கச்சி, ராத்திரியில் அவன், இடையிடையே அம்மா. மொட்டை மாடியில் வைத்த அண்டாவில் பிடித்த மழைத்தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினார்கள். சோதித்துப் பார்க்க வழியில்லை, கல்லூரியும் தண்ணீரில். மூன்றாம் நாள் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தபோது அவனுக்கு நைட்ரைட் மேல்தான் சந்தேகம். சமையலறையிலிருந்து கல்லுப்பு எடுத்து, லிட்டருக்கு ஒரு கிராம் கணக்கில் இரண்டு பிடி கரைத்து விட்டான். உப்பில் இருக்கும் குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியாக உள்ளே போவதைத் தடுக்கும். கடல் மீனுக்கு உதவாத தூத்துக்குடி உப்பு தங்கமீனுக்கு உதவியது.

வெள்ளத்தில் மாடு கன்று போனவர்கள், வீடு போனவர்கள், ஆளையே பறிகொடுத்தவர்கள் இருக்கும்போது மீனுக்குச் சொம்பில் ஊற்றுவது கேலியாகத் தெரியலாம். தாத்தாவின் வீட்டில் தண்ணீர் அதிகம் என்பதால் அவரும் இங்கேதான் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. நடு ராத்திரியில் அவன் கண் அசந்தபோது சொம்பை வாங்கி ஊற்றிக்கொண்டிருந்தவர் அவர்தான்.

நான்காம் நாள் விடியற்காலையில் மூன்றில் சிறியது செத்துப்போனது. மல்லிகைத் தொட்டி தண்ணீருக்கு அடியில் இருந்தது. தங்கச்சி மீனை ஒரு டப்பாவில் வைத்து மூடிவிட்டு நோட்டை எடுத்தாள். 12 என்று எழுதி, தேதி போட்டாள். காரணம் என்ற கட்டத்தில் முதல்முறையாக ஒன்று எழுதினாள். "கரண்ட் இல்லை."

ஐந்தாம் நாள் ராத்திரி இரண்டு மணி வாக்கில் கரண்ட் வந்தது. தெருவெல்லாம் ஒரே கூச்சல். எல்லோருக்கும் முன்னால் எழுந்தது அம்மாதான். கொசுக்கடியில் ஐந்து நாள் தூங்காத வீடு. ஃபேன் சுவிட்ச் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவள் அதைத் தாண்டிப் போய், தாம்பாளத்திலிருந்து ஸ்பாஞ்சை எடுத்து மாட்டி, முதலில் ஏர் பம்ப்பைப் போட்டாள்.